காப்பி இறங்குவதற்குள்

லெஹ்தோவாரா ஊர்க்கூடத்துக் கணினிகளைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சைமி கெரானென் என்ற சமையல்காரி ஒற்றை ஆளாக நின்று நகராட்சியை வென்றார் என்பது ஒன்று. நகராட்சி இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தது என்பது மற்றொன்று. இரண்டும் சரியில்லை. ஊர்ச் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதுகிறவன் நான். விஷயம் முடிவான நாளில் கூடத்திலேயே இருந்தேன். அன்று சைமி அங்கே இல்லை. இருந்திருந்தால் தோற்றிருப்போம்.

சைமி ஏரியின் மறுகரையில் பிறந்தவர். மரலாரி ஓட்டிய எய்னோ கெரானெனைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தார். எய்னோ இளவயதிலேயே இறந்துவிட்டான். சைமி ஊர்ப் பள்ளியின் சமையலறையில் கரண்டியைப் பிடித்தார், பள்ளி மூடப்படும் வரை விடவில்லை. வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் பான்கேக்கும். வியாழக்கிழமை வேறு எதையாவது சமைக்கலாம் என்று இந்த நாட்டில் யாருக்கும் தோன்றாது. சூப் எப்படி இருக்கிறது என்று சைமி பிள்ளைகளை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டாலும் எங்கள் ஊரில் பதில் வராது. கழுவ வரும் தட்டுகளைப் பார்ப்பார். மிச்சம் இருந்தால் அடுத்த வாரம் உப்போ இறைச்சியோ மாறியிருக்கும்.

பள்ளியை மூடிய பிறகு கட்டடம் ஊர்க்கூடமானது. சமையலறைச் சாவி வழக்கப்படி சைமியிடமே இருந்தது. வகுப்பறையில் நான்கு கணினிகள் மிஞ்சின. நகரத்து வங்கிக் கிளை மூடப்பட்ட பிறகு எல்லாமே திரைக்குள் போய்விட்டது: ஓய்வூதியம், மருந்துச் சீட்டு, வரி, மூஸ் மான் வேட்டை அனுமதி. வீட்டில் கணினி இல்லாதவர்கள் வியாழக்கிழமை சூப் சாப்பிட வந்து, அப்படியே இந்த வேலைகளையும் முடித்துக்கொண்டு போனார்கள்.

கூடத்தில் காப்பி முறை என்று ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒரு வீடு. முறைக்காரர் காலையில் கதவைத் திறந்து, மெஷினில் தண்ணீர் ஊற்றித் தூள் போட்டு, ஏலக்காய் ரொட்டியை எடுத்து வைத்து, மாலையில் பூட்டிக்கொண்டு போக வேண்டும். முறையைத் தவறவிட்டவர் என்று இந்த ஊரில் ஒருவரும் கிடையாது. காய்ச்சலில் படுத்தவர்கூட மைத்துனரை அனுப்பியிருக்கிறார்.

நகராட்சிக் கணினிப் பிரிவின் தலைவர் ஆர்த்தோ ரைசானென் பிப்ரவரி மாதத்தில் கூட்டத்துக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்று பேசினார்.

"இந்த மெஷின்ல இருக்கற சிஸ்டத்துக்கு அக்டோபரோட கம்பெனி கைவிரிச்சிடும். புதுசு இதுல ஏறாது, மெஷின் அவ்வளவு பழசு. பேங்க் வேலை பாக்கற மெஷினைப் பாதுகாப்பு இல்லாம விட்டுவைக்க முடியாதுங்க. வேன் வந்து எடுத்துட்டுப் போயிடும்."

"அப்புறம் நாங்க எங்க போறது?" என்று கேட்டார் லெம்பி மோய்லானென். செம்மறி ஆடுகள் வளர்க்கும் கைம்பெண். எதையும் நேராகக் கேட்பவர்.

"டவுன்ல சேவை மையம் இருக்கு."

"டவுனுக்குக் காலைல போனா சாயந்தரந்தான் திரும்ப பஸ்சு. அதுவரைக்கும் என் ஆடுங்களை நீங்க பாத்துக்கறீங்களா?"

கூடம் சிரித்தது. பின்வரிசையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த சைமி தலையைத் தூக்காமலே சொன்னார்: "லினக்ஸ் போட்டா ஓடும்னு ரேடியோல சொன்னாங்க. பழைய மெஷின்லயும் ஓடுமாம். யாரு வேணா எடுத்துப் போட்டுக்கலாமாம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். காசில்லாமல் கிடைக்கும் அந்த சிஸ்டம் இந்த நாட்டில் தொடங்கியது என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். பயன்படுத்திப் பார்த்தவர் கூடத்தில் ஒருவரும் இல்லை.

ஆர்த்தோ மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "அது கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களுக்கு நல்லதுங்க. சாதாரண ஆளுங்களுக்குக் கஷ்டம். திடீர்னு எதாவது நின்னுபோச்சுன்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

வேட்டைக் குழுவின் தலைவன் தௌனோ கார்ப்பினென், பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரன், அதை ஆமோதித்தான். "அது தாடி வச்ச கம்ப்யூட்டர்காரனுங்க விளையாட்டு, சைமி. நீ சூப்பைப் பாரு."

"உனக்குந்தான் தாடி இருக்கு. உனக்கு என்ன விளையாடத் தெரியும்?" என்றார் லெம்பி.

பனி உருகத் தொடங்கியபோது சைமி ஒரு கணினியில் லினக்ஸைப் போட்டுவிட்டார். நகராட்சியிடம் கேட்டாரா என்று பின்னால் கேள்வி வந்தது. கேட்டார், எப்படியும் தூக்கி எறியப் போகிற மெஷின்தானே, முயன்று பாருங்கள் என்று ஆர்த்தோ சொல்லியிருந்தார். திரையில் சொன்னபடி ஒவ்வொன்றாக அழுத்தியதில் அது ஏறிவிட்டது. பிரிண்டர் மட்டும் அசையவில்லை.

இணையத்தில் லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் மன்றம் ஒன்று இருக்கிறது. சைமி அங்கே எழுதினார். முழுச் செய்தியும் இவ்வளவுதான்: "வேலை செய்யலை."

எது வேலை செய்யவில்லை, எந்த மெஷின், என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது என்று உடனே நாலைந்து பேர் கேட்டார்கள். சைமிக்குக் கோபம் வந்துவிட்டது. "உதவி கேட்டா போலீஸ் விசாரணை மாதிரி கேக்கறானுங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மூன்று தட்டுகள் மிச்சத்தோடு திரும்பின. வழக்கம்போல யாரும் வாய் திறக்கவில்லை. சைமி தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உப்பா? பட்டாணி வேகவில்லையா? இறைச்சி முற்றலா? தட்டு பதில் சொல்லவில்லை. அப்படியே கணினிக்குப் போய், சமையல் குறிப்பு எழுதுவதுபோல எழுதினார்: பிரிண்டரின் பெயர், அதன் வயது, எந்தக் கம்பியில் இணைத்தார், எதை அழுத்தினார், அடுத்து என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். அன்று மாலையே பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. மிச்சம் வைத்த மூவரையும் மறுவாரம் நிறுத்தி, சூப்பில் என்ன குறை என்று முதல்முறையாக வாயால் கேட்டார். உப்புதான்.

கோடை நடுத் திருவிழாவுக்குள் நான்கு கணினிகளும் மாறிவிட்டன. அப்போது சைமி செய்த இன்னொரு காரியத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கணினிகளுக்கு அவ்வப்போது புதுப்பிப்பு வரும். ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதைக் காப்பி முறையோடு சேர்த்துவிட்டார். காப்பி மெஷினைப் போட்டதும் நான்கு கணினிகளிலும் பொத்தானை அழுத்து. காப்பி இறங்கி முடிவதற்குள் அதுவும் முடிந்திருக்கும். காப்பி முறையை மறக்காத ஊர் இதையும் மறக்கவில்லை.

செப்டம்பரில் வேன் அனுப்புவதற்கு முன் ஆர்த்தோ பார்க்க வந்தார். சைமி அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டினார். கோப்புகளின் நகல் எங்கே இருக்கிறது, வங்கிப் பக்கத்தை எப்படித் திறப்பது, ஒரு மெஷின் பழுதானால் அதை எப்படிப் புதிதாக நிறுவுவது. ஆர்த்தோ கேட்ட எந்தக் கேள்வியும் பதிலில்லாமல் போகவில்லை. பேசப் பேச சைமியின் முகம் மலர்ந்தது, ஆர்த்தோவின் முகம் வாடியது.

"நான் சொன்னது சரியாப் போச்சே," என்றார் ஆர்த்தோ.

"எது சரியாப் போச்சு? எல்லாந்தான் ஓடுதே!"

"நீங்க இருக்கறதால ஓடுது. நீங்க இப்ப சாதாரண ஆள் இல்லைங்க. என் ஆபீஸ்ல சேந்துக்கற அளவுக்குத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. நாளைக்கு நீங்க கால் வழுக்கி விழுந்தா?"

"விழமாட்டேன்."

"அக்டோபர் பனியில எல்லாரும் வழுக்கி விழுவாங்க."

"சூப் காய்ச்சறவ சாதாரண ஆள் இல்லைன்னா வேற யாருதான் சாதாரண ஆளு?" என்று சைமி குரலை உயர்த்தினார். அதற்குமேல் வாதாட வழியில்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்தது. தனக்குத் தெரியும் என்று அவர் நிரூபிக்க நிரூபிக்க ஆர்த்தோவின் பக்கந்தான் வலுத்தது.

கடைசியில் லெம்பிதான் கேட்டார். "அப்ப சைமியே இல்லாம நாங்க ஓட்டிக் காட்டினா?"

 ஆர்த்தோ ஒரு நிபந்தனையைச் சொன்னார். குறிப்பில் அப்படியே இருக்கிறது. அக்டோபர் முழுவதும் சைமி ஊரில் இருக்கக் கூடாது, அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. நகராட்சியும் உதவாது. நின்றுபோகும் எந்த மெஷினும் அன்று கூடம் மூடுவதற்குள் எழுந்துவிட வேண்டும். எழாவிட்டால் நான்கும் வேனில் ஏறும். எழுந்துகொண்டே இருந்தால் இங்கேயே இருக்கும். கண்காணிக்க ஆள் போடவில்லை. நடந்ததை நாங்களே எழுதித் தர வேண்டும் என்றார்.

"ஏமாத்திட மாட்டோமா?" என்று தௌனோ சீண்டினான்.

"மாட்டீங்க," என்றார் ஆர்த்தோ. பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

சைமி ஔலுவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். பஸ் நிறுத்தத்தில் அவர் பயந்தது கணினிகளுக்காக இல்லை. "நான் போட்ட சாமான் நான் இல்லாம நின்னுபோச்சுன்னா, அந்த ஆளு சொன்னதுதான் உண்மைன்னு ஆகிடும். ஊரே ஒரு பொம்பளை கையில தொங்கிட்டு இருந்துச்சுன்னு ஆகிடும்," என்றார். லெம்பியைப் பார்த்து, "சூப்புக்கு உப்பு..." என்று தொடங்கினார். "போ, போ," என்று லெம்பி அவரை ஏற்றிவிட்டார்.

முதல் நாட்கள் அமைதியாகப் போயின. மூஸ் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் வந்தது வினை. அந்த வாரக் காப்பி முறை தௌனோவுடையது. குழுவில் யார் எங்கே நிற்பது என்ற வரைபடங்களை அச்சடிக்க வேண்டியிருந்ததால் மதியமும் ஒருதடவை காப்பி போட்டான். போட்டதும் பழக்கத்தில் நான்கு பொத்தான்களையும் அழுத்தினான். வெளியே காலையிலிருந்தே புயல். காப்பி பாதி இறங்கியபோது மின்சாரம் போயிற்று. எங்கோ ஒரு மரம் கம்பியில் விழுந்திருக்க வேண்டும்.

மின்சாரம் திரும்பியதும் மூன்று கணினிகள் சாதாரணமாக எழுந்தன. ஜன்னலோரத்து மெஷின் எழவில்லை. பிரிண்டர் அதில்தான் இணைந்திருக்கிறது. திரை நீலமாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, கறுப்பு. அதில் வெள்ளை எழுத்துகள், கடைசி வரியில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

"செத்துருச்சு," என்றான் தௌனோ.

"நீதான் கொன்னே," என்றார் லெம்பி.

"நான் காப்பி போட்டேன், வேற ஒண்ணும் பண்ணலை!"

அப்போது கூடத்துத் தொலைபேசி அடித்தது. தௌனோ எடுத்தான். புயல் செய்தியை ரேடியோவில் கேட்ட சைமி. அவர் குரல் எனக்கே கேட்டது.

"மரம் எதாவது விழுந்துதா? எல்லாம் நல்லா இருக்கா?"

தௌனோவுக்குப் பொய் வராது. உண்மையைச் சொன்னால், சைமி வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாலும் பந்தயம் போய்விடும். அவன் ரிசீவரைக் காதில் வைத்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

"காப்பி ஆறிப்போகுது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஔலுவில் சைமி அந்த ஒரு வாக்கியத்தோடு மாலைவரை தங்கையின் சமையலறையில் நடந்துகொண்டிருந்தாராம். மறுபடி அழைக்கவில்லை. அதுதான் அந்த மாதத்தில் அவர் செய்த மிகக் கடினமான வேலை என்று நான் நினைக்கிறேன்.

கூடம் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மெஷினை அணைத்துத் துணியைப் போட்டு மூடிவிட்டு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் ஆர்த்தோவுக்குத் தெரிந்திருக்காது. யாருக்கும் அது தோன்றவில்லை. தௌனோ பக்கத்து மெஷினில் மன்றத்தைத் திறந்து, இரண்டு விரல்களால் தட்டி, அனுப்பினான்.

லெம்பி எட்டிப் பார்த்தார். "என்ன எழுதினே?"

திரையில் இருந்தது: "வேலை செய்யலை."

"அட மரமண்டை!" என்றார் லெம்பி. "வேட்டைல வாக்கிடாக்கி ரேடியோவை எடுத்து 'மான் வந்துச்சு'ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிருவியா நீ?"

"அது எப்படி? எந்த இடம், எந்தப் பக்கமா ஓடுது, பெருசா சிறுசா, கொம்பு இருக்கா, குட்டி கூட இருக்கா, நாய் எங்க நிக்குது, எல்லாம் சொல்லணும். இல்லைன்னா அடுத்தவன் எங்கன்னு சுடுவான்?"

"அதை எழுது."

 தௌனோ நாற்காலியை முன்னால் இழுத்தான். எங்கள் வேட்டைக் குழுவில் அவனைப்போல ரேடியோவில் பேச ஆள் இல்லை; மூடுபனியிலும் அவன் சொல்வதை வைத்துக்கொண்டு மானைக் கண்ணால் பார்த்துவிடலாம். இப்போது அதே மாதிரி எழுதினான். மெஷின் எது. புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. பக்கத்திலிருந்த மூன்றும் எழுந்தன, இது எழவில்லை. திரை கறுப்பு. வெள்ளை எழுத்துகளை லெம்பி ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, அப்படியே தட்டினான். இதுவரை எதை அழுத்தினோம், எதை அழுத்தவில்லை. கடைசியில் சேர்த்தான்: "மூடுவதற்குள் எழ வேண்டும். நாங்கள் இடத்தில் நிற்கிறோம்." வேட்டையில் காத்திருக்கும்போது சொல்லும் வார்த்தை அது.

காப்பி ஆறித்தான் போயிற்று. யாரும் குடிக்கவில்லை.

பதில் வந்தது. எழுதியவர் ரோவனியேமியில் பஸ் ஓட்டுகிறவர் என்பது பின்னால் தெரிந்தது. வண்டியைத் திருப்பும் இடத்தில் நிறுத்திவிட்டு எழுதியிருக்கிறார். "இவ்வளவு தெளிவா யாரும் எழுதினதில்லை, வேட்டைக்காரரா?" என்று கேட்டிருந்தார். சிஸ்டத்தின் புதிய மையப்பகுதி ஏறும்போது பாதியில் நின்றிருக்கிறது. பழையது உள்ளேயே பத்திரமாக இருக்கும். மெஷினை அணைத்துப் போடுங்கள், எழும்போதே ஷிப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள், ஒரு பட்டியல் வரும், முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். எழுந்ததும் புதுப்பிப்பை மறுபடி ஓட விடுங்கள்.

தௌனோ மூஸின் விலாவைக் குறிபார்ப்பதுபோல அந்த விசையை அழுத்திப் பிடித்தான். பட்டியல் வந்தது. லெம்பி அவன் தோள்மேல் சாய்ந்து, "ரெண்டாவது வரி, ரெண்டாவது வரி," என்றார். "எனக்குக் கண்ணு இருக்கு," என்றான் அவன். மெஷின் எழுந்ததும் எப்போதும் வரும் ஏரிப் படம் திரையில் வந்து நின்றது.

புதுப்பிப்பு மறுபடி ஓடுவதற்காக அவன் எழுந்துபோய்ப் புதிதாகக் காப்பி போட்டான். காப்பி இறங்குவதற்குள் அதுவும் முடிந்தது. பிரிண்டர் வேட்டை வரைபடங்களை ஒவ்வொன்றாகத் தள்ளியது. தௌனோ அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். கடிகாரம் அடித்தபோது கூடத்தை நாங்களே பூட்டினோம். அதற்கு முன் அவன் மன்றத்தில் இன்னொரு வரி எழுதினான். "வேலை செய்யுது." லெம்பி முறைத்ததும், "நன்றி" என்று சேர்த்தான்.

அக்டோபர் முடிந்த பிறகு முதல் வியாழக்கிழமை ஆர்த்தோ வந்தார். வாசலில் வேனும் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. நான் எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். புயல் நாள் உட்பட எதையும் விடவில்லை. தொலைபேசி அழைப்பையும் எழுதியிருந்தேன். காப்பி ஆறிய செய்தி உதவி கேட்டதாகுமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும் என்று. அவர் சூப் ஆறும்வரை படித்தார். அந்த இடம் வந்தபோது சிரித்துவிட்டார்.

"சரி. இங்க கம்ப்யூட்டரைப் பாத்துக்கற ஆள் யாரு?" என்று கேட்டார்.

ஒருவரும் கையைத் தூக்கவில்லை.

"இந்த வாரம் ஹெய்க்கினென் வீடு," என்றார் லெம்பி. "அடுத்த வாரம் நான்."

"நான் கேக்கறது, விஷயம் தெரிஞ்சவங்க யாரு?"

"அப்படி யாரும் இல்லை," என்றான் தௌனோ. "ஊர்ல இருந்த ஒரே ஆளை நீங்கதான் அனுப்பி வச்சீங்க."

ஆர்த்தோ கரண்டியை வைத்தார். "இந்தப் பதிலுக்குத்தான் வந்தேன்," என்றார். "சாதாரண ஆளுங்களுக்குக் கஷ்டம்னு நான் சொன்னது தப்பு. தனி ஆளுக்குத்தான் கஷ்டம். அது எந்த சிஸ்டமா இருந்தாலும்." எழுந்து வாசலுக்குப் போய் ஓட்டுநரிடம், "எல்லாத்தையும் இறக்குப்பா," என்றார்.

வேன் வெறுமையாக வரவில்லை. ஏரிக்கு வடக்கே இரண்டு ஊர்களிலிருந்து எடுத்த கணினிகள் அதில் இருந்தன. நொறுக்கப் போக வேண்டியவை. "இதுலயும் லினக்ஸைப் போட்டுக் குடுங்க. அந்த ஊருங்கள்லயும் காப்பி முறை இருக்காம், விசாரிச்சுட்டேன்," என்றார் ஆர்த்தோ. சூப்பை விட்டுவிட்டு ஊரே வெளியே போய்ப் பெட்டிகளைத் தூக்கி வந்தது. தௌனோ இரண்டு இரண்டாகத் தூக்கினான். கைதட்டும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஆனாலும் கடைசிப் பெட்டி உள்ளே வந்தபோது யாரோ தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினோம்.

அந்தச் சத்தத்தில்தான் சைமி உள்ளே வந்தார். மாலை பஸ். கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் போய், திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழுவ வந்த தட்டுகளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். வெறும் ஏரிப் படங்கள், எதிலும் மிச்சமில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டினார், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்தார்.

தௌனோ அவர் முன்னால் காப்பியை வைத்தான். சைமி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"நல்லா இல்லை."

தௌனோ நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"என்ன நல்லா இல்லை? தூள் கம்மியா, தண்ணி அதிகமா, ஆறிப்போச்சா? குடிச்சதும் முதல்ல என்ன தோணுச்சு? இப்படி மொட்டையாச் சொன்னா நான் என்னத்தைப் பண்றது, சைமி? முழுசா சொல்லு."